பாறைக்குச் சாப்பாடு போட்டவள்

ஒரு அவமானம் எத்தனை காலம் கெட்டுப்போகாமல் இருக்கும்?

மீன் எத்தனை நாள் தாங்கும் என்று தபீத்தாவுக்குத் தெரியும். கிரீன்லாந்தின் நூக் நகரத்து மீன் ஆலையின் பரிசோதனை அறையில் அவளுக்கு அதுதான் வேலை. செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், முகர்வாள், 'இது போகும், இது போகாது' என்று பிரித்துவிடுவாள். பக்கத்து மேசையில் உட்கார்ந்து மீனின் கொழுப்பை அளக்கிறவள் சலோமினே ஹைல்மன். அவள் மனதுக்குள் வைத்திருந்த ஒன்று, வருடங்கள் போகப்போக, நேற்று வலையில் விழுந்தது போலவே இருந்தது. அது எப்படி என்பதுதான் தபீத்தாவுக்கு விளங்கவில்லை. மறதியை வரம் என்று புகழ்கிறவர்கள் இருக்கிறார்கள். மறக்காதவர்களை வீரர்கள் என்று புகழ்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு புகழும் சலோமினேவுக்குப் பொருந்தாது. அவளை நல்லவள் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. கெட்டவள் என்றும் துணிந்து சொல்லவில்லை. வேலைக்கு நேரத்துக்கு வருவாள், யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள்.

மீனுக்கு வருவதற்கு முன் அவள் பாறைகளைப் படித்தவள். கிரீன்லாந்திலிருந்து கோபன்ஹேகனுக்குப் போய் அந்தப் படிப்பைப் படித்த பெண்கள் அந்தக் காலத்தில் இல்லை என்றே சொல்லலாம். டேனிஷ் ஆட்சியிலிருந்து கிரீன்லாந்துக்கு உள்ளாட்சி கிடைத்த வருடத்துக் கோடையில், பேராசிரியர் ஃப்ளெமிங் ஸ்டென்ஹோய் ஒரு குழுவை அழைத்துக்கொண்டு ஃபியர்டு என்கிற நீண்ட கடற்கழியின் உள்முனைக்கு அப்பால், நிலத்தை மூடிய நிரந்தரப் பனியின் ஓரத்துக்கு வந்தார். அதில் சலோமினேவும் இருந்தாள். ஒரு ஏரிக்கரைத் திட்டில், வெளிறிய பாறைக்கு நடுவே விரல் தடிமனில் கரிய கோடு ஒன்று ஓடுவதை முதலில் பார்த்தது அவள்தான். முழங்கை நீளம்கூட இல்லை. முந்நூற்றெழுபது கோடி வருடத்துப் பாறை அது. பெயர்த்த துண்டை இரண்டாகப் பிளந்து, ஒன்றைக் குழுவின் பெட்டியில் வைத்தாள்.

அந்தக் கரிய கோட்டில் என்ன இருக்கிறது? கார்பனில் இலேசானது, கனத்தது என்று இரண்டு உண்டு. உயிருள்ளவை எல்லாம் கொஞ்சம் சோம்பேறிகள். இலேசானதையே அதிகம் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். அந்த உயிர் செத்துச் சேறாகி, சேறு பாறையாகி, பாறை பூமிக்கடியில் வெந்து உருமாறினாலும் அந்தப் பாரபட்சம் மட்டும் அழிவதில்லை. உடல் போய்விடும், உருவம் போய்விடும், எதை விரும்பித் தின்றது என்பது மட்டும் மிஞ்சும். அந்தக் கோட்டிலிருந்த கார்பன் இலேசாக இருந்தது. அது உண்மையென்றால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்தப் பழங்கடலில் பிழைத்துக் கிடந்தது என்று பொருள்.

குளிர்காலத்தில் கோபன்ஹேகன் அரங்கத்தில் ஸ்டென்ஹோய் அந்த முடிவை வாசித்தார். பிறகு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"சலோமினே, இந்தக் கல்லை எடுத்த அன்னைக்கு மதியம் என்ன சாப்பிட்டீங்க?"

"காய்ஞ்ச மீனும் கடல்நாய்க் கொழுப்பும்."

"கையாலயா?"

அவள் புருவத்தை உயர்த்தினாள். அவள் ஊரில் அதற்கு 'ஆமாம்' என்று அர்த்தம். அரங்கத்தில் இருந்தவர்களுக்கு அவள் திருதிருவென்று முழிப்பது போலத் தெரிந்தது.

"பாருங்க, பூமியோட முதல் உயிரைப் பிடிச்சுட்டோம்னு நானும் ரெண்டு நாள் தூங்கல. கடைசியில நாம பிடிச்சது இவங்க மத்தியானச் சாப்பாட்டை!"

கொழுப்பும் உயிரிலிருந்து வந்ததுதான். அதன் கார்பனும் இலேசுதான். ஆகவே அந்த நகைச்சுவைக்குக் காரணம் இருந்தது, சிரிக்கிறவர்களுக்கு அது போதும். அரங்கமே சிரித்தது. ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னதற்காகச் சிரிக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை சலோமினே அன்று தெரிந்துகொண்டாள். கல்லைத் தொடுவதற்கு முன் ஏரித் தண்ணீரில் மணல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவியிருந்தாள். அதை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் தன் தாள்களை எடுத்துக்கொள்ள அவருடைய அறைக்குப் போனாள். மேசையில் வரைபடம் விரிந்து கிடந்தது. அந்த ஏரிக்கரைத் திட்டைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். கேலி செய்து கைகழுவிய இடத்துக்கு யாராவது வட்டம் போட்டு வைப்பார்களா? படிப்பை அன்றோடு விட்டாள். வசந்தத்தில் கப்பல் ஏறி ஊருக்கு வந்துவிட்டாள்.

இவ்வளவும் தபீத்தாவுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியவந்தது. ஆனால் அதற்கடுத்து நடந்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

சலோமினேவின் அண்ணன் ஈனோக் வேட்டைக்காரன். இலையுதிர்காலத்தில் பனிமான் வேட்டைக்குப் படகில் ஃபியர்டுக்குள் போய், அங்கிருந்து நடந்து உள்ளே போவான். அந்த ஆண்டு புறப்படும்போது சலோமினே ஒரு தகர டப்பா நிறையப் பழைய கடல்நாய் எண்ணெயை அவன் படகில் ஏற்றினாள். ஆலைக்குப் பின்னாலிருந்த கொட்டகையிலிருந்து அதைத் தூக்கிவரத் தபீத்தாவும் ஒரு கை கொடுத்தாள்.

"இது எதுக்கு? விளக்கு எரிக்கவா?" என்றான் ஈனோக்.

"அண்ணா, ஏரிக்கரையில கறுப்புக் கோடு போட்ட திட்டு ஒண்ணு இருக்குன்னு சொன்னேன்ல? உன் அடுப்பை அது மேல மூட்டு. எரியிறப்போ இதை ஊத்து. நிறைய ஊத்து. கிளம்புறப்போ அடுப்புக் கல்லையும் சாம்பலையும் ஏரியில தள்ளிட்டு வா."

"ஒரு நாள் நடை அதிகம், தெரியுமா? மானைத் தூக்கிட்டு நடக்குறவன் நான். நீ தூக்குவியா?"

"நீதான் ஊர்லயே பலசாலின்னு பீத்திக்கிற."

"அந்தப் பாறைக்கு ஏன்டி சாப்பாடு போடணும்?"

"விருந்தாளி வரப்போறாரு."

ஈனோக் அதற்குமேல் கேட்கவில்லை. சொன்னபடியே செய்தான். அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் செய்தான். நெருப்பில் பாறை விரிந்து வெடிப்பு விட்டது. வெடிப்பில் கொழுப்பு இறங்கியது. குளிரில் வெடிப்பு மூடியது. யாராவது பிறந்தநாளுக்குக் காபி விருந்து வைத்தால், மூன்றாவது துண்டு கேக்கை வாயில் போட்டுக்கொண்டு தபீத்தாவிடம் புலம்புவான்: "பொண்டாட்டி வேண்டாம்னு இருந்தேன். இப்ப பாரு, ஒரு பாறைக்குப் பொங்கிப் போட்டுட்டு இருக்கேன். அது ஒரு நாள்கூட நல்லா இருக்குன்னு சொன்னதில்ல."

இதில் சரி எது, தப்பு எது என்று தபீத்தா ரொம்ப யோசித்தவள் இல்லை. பொறி வைக்கிறவன் நரியைக் கூப்பிடுவதில்லை, நரி தானாகத்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறேழு வருடம் கழித்து ஸ்டென்ஹோய் வந்தார். கடையில் ரொட்டி வாங்கும் வரிசையில் சலோமினேவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். தபீத்தாவும் பக்கத்தில் நின்றாள்.

"அட, நீங்களா! இன்னும் பாறையெல்லாம் பாக்குறீங்களா?"

"இல்ல. மீன்."

"அது நல்ல வேலை. அதுல உயிர் இருந்துச்சா இல்லையான்னு சந்தேகமே வராது பாருங்க."

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மா. பழைய இடங்களை ஒரு தடவை சுத்திப் பாக்கலாம்னு."

"நல்லாப் பாருங்க. எதையும் விட்டுடாதீங்க," என்றாள் சலோமினே.

அவர் எதையும் விடவில்லை. ஹெலிகாப்டரில் போய் இறங்கி, அந்தக் கரிய கோட்டை அடிவேர் வரை பெயர்த்துக்கொண்டு போனார். மேலே படிந்திருந்த புகைக்கரியைப் பாறைகளில் வழக்கமாகப் படரும் கறுப்புப் பாசி என்று நினைத்தார். அந்தப் பக்கத்துக்கு வருகிற கல்லறிஞர்கள் எல்லோரும் அப்படித்தான். கல்லைப் பார்ப்பார்கள், அதன்மேல் யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று பார்க்க மாட்டார்கள். மேல்தோலை ஓர் அங்குலம் சீவி எறிந்தார். உள்ளே இருந்ததை ஒரே மூச்சில் எரித்து, வந்த வாயுவை அளந்தார். இரண்டு வருடத்தில் அவர் பெயர் உலகமெல்லாம் பரவியது. பூமியின் மிகப் பழைய உயிர்த்தடம், கண்டவர் ஃப்ளெமிங் ஸ்டென்ஹோய். வானொலியில் அவர் குரலைக் கேட்டபோது சலோமினே கொழுப்பு அளக்கும் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதைக் கழுவித் துடைத்துவிட்டு அடுத்த குழாயை எடுத்தாள். அதைத்தான் தபீத்தா கவனித்தாள்.

"அக்கா, இப்பவே சொல்லிடு. மொத்தமும் கவுந்துடும்."

"இன்னும் ஏறட்டும். முதல் படியில நிக்கிறவனைத் தள்ளி என்ன புண்ணியம்?"

"அவன் ஏறி முடிக்கிறதுக்குள்ள நமக்கு வயசாயிடும்."

"உனக்கு ஆகும். நான் உப்புல கிடக்குறவ."

இன்னொரு தடையும் இருந்தது. தான் உயிரோடு இருக்கும்வரை இது வெளியே வரக்கூடாது என்று ஈனோக் சத்தியம் வாங்கியிருந்தான். தங்கச்சி பேச்சைக் கேட்டுப் பாறைக்கு எண்ணெய் ஊற்றியவன் என்று தெரிந்தால் மற்ற வேட்டைக்காரர்கள் படகுத்துறையில் அவனை நிற்க விடமாட்டார்கள். ஆக, ஸ்டென்ஹோய் ஏறிக்கொண்டே போனார். பதக்கம் வாங்கினார். அரசியோடு விருந்து சாப்பிட்டார். ஈனோக் நுரையீரல் நோயில் மெலிந்துகொண்டே போனான். ஒரு மார்ச் மாதத்தில் இறந்தான்.

அவன் இறந்த சில வாரத்தில் ஆலையில் மீன் நறுக்கும் பெண் ஒருத்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதற்கு ஈனோக் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் நம்பிக்கையில், செத்தவரின் பெயரை வாங்கிய பிள்ளை அவருடைய வீட்டாருக்குச் செத்தவராகவே திரும்பி வருகிறது. அதனால் சலோமினே அந்தக் கைக்குழந்தையை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டாள். குட்டிக் காலணி வாங்கிக் கொடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணா, கொஞ்சம் கஞ்சி குடிங்க," என்று கெஞ்சுவாள். அவள் யாரிடமாவது கெஞ்சித் தபீத்தா பார்த்தது அங்கே மட்டும்தான்.

பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போது நூக்கிலேயே ஒரு மாநாடு கூடியது. பல நாட்டுக் கல்லறிஞர்கள் வந்தார்கள். ஸ்டென்ஹோய்தான் தலைமைப் பேச்சாளர். ஊர்க்காரர்களும் வந்து கேட்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். அன்று காலையில் சலோமினே தபீத்தாவையும் இழுத்துக்கொண்டு அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போனாள். தரையில் மரக்கட்டையை உருட்டிக்கொண்டிருந்தவன் முன்னால் மண்டியிட்டாள்.

"அண்ணா, இன்னைக்குச் சொல்லிடட்டுமா?"

குழந்தை கட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். புருவத்தை உயர்த்தினான்.

"சரின்னுட்டாரு," என்றாள் சலோமினே.

"அவன் எதுக்கெடுத்தாலும் அப்படித்தான் பண்றான் அக்கா. இப்பத்தான் கத்துக்கிட்டிருக்கான்."

"உங்கிட்ட கேக்கல."

அரங்கத்தில் ஸ்டென்ஹோய் வெள்ளைத் தலையோடு, கனிந்த குரலில் ஒரு மணி நேரம் பேசினார். கேள்வி நேரத்தில் சலோமினே எழுந்தாள். ஆலையின் நீல மேற்சட்டையிலேயே வந்திருந்தாள். டேனிஷில் பேசினாள், நிதானமாக.

"பேராசிரியரே, அந்தக் கல்லை நீங்க எடுத்த இடத்துல யார் அடுப்பு மூட்டினாங்கன்னு தெரியுமா?"

"அடுப்பா? அங்க மனுஷ நடமாட்டமே கிடையாதே."

"எங்க அண்ணன் ஈனோக். நீங்க வர்றதுக்கு முன்னால வருஷா வருஷம் அதே திட்டுல சமைச்சாரு. பனிமான் கறி. கடல்நாய் எண்ணெய். தாராளமான மனுஷன்."

பின்வரிசையில் இரண்டு வேட்டைக்காரர்கள் இருந்தார்கள். ஒருவன் கிரீன்லாந்திய மொழியிலேயே சத்தமாகச் சொன்னான்: "ஆமா, ஈனோக்கோட அடுப்பு அங்கதான். நாங்களும் ஒரு தடவை சாப்பிட்டோம். உப்பு பத்தல." ஊர்க்காரர்கள் முதலில் சிரித்தார்கள். யாரோ மொழிபெயர்த்துச் சொன்னதும் மற்றவர்களும் சிரித்தார்கள். சலோமினே அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"முதல் உயிரைப் பிடிச்சுட்டேன்னு பதக்கம் வாங்கினீங்க. நீங்க பிடிச்சது எங்க அண்ணன் சாப்பாட்டை."

மேடையில் அவர் முகம் போன போக்கைத் தபீத்தா கண் கொட்டாமல் பார்த்தாள். அவருக்குக் கோபம் வரவில்லை. அந்த வாக்கியத்தை எங்கே கேட்டோம் என்று தேடி, கண்டுபிடித்து, அதைச் சொன்னது தான்தான் என்று தெரிந்துகொண்ட முகம் அது. சலோமினே சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. எண்ணெய் டப்பாவை யார் படகில் ஏற்றினார்கள் என்பதை அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சிரிக்காத ஒரே ஆள் இங்குன் என்ற நார்வேக்காரி. அவள் திரும்பிப் போய், ஸ்டென்ஹோய் மிச்சம் வைத்திருந்த பொடியை வாங்கிப் புது முறையில் சோதித்தாள். ஒரேயடியாக எரிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றினாள். கொழுப்பு குறைந்த சூட்டிலேயே எரிந்துபோகும். பாறையோடு பாறையாக வெந்த கரி கடும் சூட்டில்தான் எரியும். இலேசான கார்பனில் பெரும்பங்கு முதல் சூட்டிலேயே வந்துவிட்டது. மிஞ்சியது இவ்வளவு என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ஸ்டென்ஹோய் பதவியை விட்டு விலகினார். கல்லறிஞர்கள் நடுவே 'ஈனோக்கின் விருந்து' என்பது கேலிச் சொல்லாகிவிட்டது.

பழிவாங்கியவர்களுக்குத் தூக்கம் வராது என்று எழுதுகிறவர்கள் பழிவாங்கிப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. சலோமினே நன்றாகத் தூங்கினாள். நன்றாகச் சாப்பிட்டாள். அந்தக் குளிர்காலத்தில் கொஞ்சம் சதைகூடப் போட்டாள்.

அடுத்த கோடையில் இங்குன் மறுபடியும் நூக் வந்தாள். நேராக ஆலைக்கே வந்து, மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் பரிசோதனை அறையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். அந்தத் திட்டுல இப்ப ஒண்ணும் மிச்சமில்ல. ஆனா உங்க அண்ணன் அடுப்பு மூட்டுறதுக்கு முன்னாடியே நீங்க ஒரு துண்டு எடுத்து ரெண்டாப் பிளந்திருக்கீங்க, குழுவோட பழைய குறிப்புல இருக்கு. குழுவுக்குக் கொடுத்த பாதியை அவங்க எரிச்சுட்டாங்க. இன்னொரு பாதி எங்க?"

தபீத்தா தன்னை அறியாமல் மேல் அலமாரியைப் பார்த்தாள். அங்கே, வாயில் தகடு சுற்றிய கண்ணாடிப் புட்டி ஒன்று அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருந்தது. இத்தனை வருடமும் அதைச் சுற்றித்தான் தூசி துடைத்திருக்கிறாள்.

"அது கிடைச்சா என்ன செய்வீங்க?" என்றாள் சலோமினே.

"மெதுவாச் சூடேத்துவேன். அது சுத்தமா இருந்து, கடும் சூட்டுல இலேசான கார்பன் வந்தா, அந்த உயிர் நிஜம். கண்டுபிடிச்சது நீங்க. இன்னைக்கு உலகத்துல அதுக்கு வேற சாட்சியே கிடையாது."

"அப்ப ஸ்டென்ஹோய்?"

இங்குன் தயங்கினாள். "அவர் எடுத்த கல்லு கெட்டுப்போனது. ஆனா அந்தப் பாறையில உயிர் இருந்துச்சுன்னு அவர் சொன்னது சரின்னு ஆயிடும். அவரும் எழுந்துக்குவாரு. அதைத் தடுக்க முடியாது."

இதுதான் முடிச்சு. அவள் எழுந்தால் அவரும் எழுவார். அவரைக் கீழேயே வைக்க வேண்டுமென்றால் அவளும், அந்த முந்நூற்றெழுபது கோடி வருடத்து ஜீவனும் கீழேயே கிடக்க வேண்டும். சலோமினே கொழுப்புக் குழாயைத் தாங்கியில் நிறுத்தினாள்.

"அவரையே வரச் சொல்லுங்க. எங்க வீட்டுக்கு."

ஆகஸ்டில் அவர் வந்தார். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுச் சாம்பல்நிறக் காலுறையோடு சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். ஒரு பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. இங்குன் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சலோமினே அவரை மன்னிப்புக் கேட்கவைக்கப் போகிறாள், எழுதி வாங்கப் போகிறாள், இல்லையென்றால் கண்ணெதிரே கல்லைச் சுத்தியலால் உடைக்கப் போகிறாள் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு தபீத்தா காபி ஊற்றினாள். ஆலை அலமாரியிலிருந்து கொண்டுவந்த புட்டி மேசையின் நடுவில் இருந்தது.

"நான் என்ன சொல்லணும்னு எதிர்பாக்குறீங்க?" என்றார் ஸ்டென்ஹோய்.

"காபி ஆறுது."

அவர் குடித்தார். கோப்பையை வைத்தார். "அது சுத்தமான கல்லுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஒரு மாணவி என்னை முந்திட்டாளேன்னு..."

"கேக் எடுத்துக்கங்க."

"சலோமினே, நான் பேசிட்டு இருக்கேன்."

"கேட்டுட்டுதான் இருக்கேன்."

அவர் ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டார். இங்குன் புட்டியைப் பார்த்தாள். "நான் எடுத்துக்கலாமாம்மா? நாளைக்கு விமானம். பத்திரமாக் கொண்டுபோயிடுவேன்."

அடுத்து செய்ததை ஏன் செய்தாய் என்று பின்னாளில் தபீத்தா சலோமினேவிடம் பலமுறை கேட்டாள். ஆலையில், படகில், ஒருமுறை தேவாலயத்தில் பாட்டுக்கு நடுவில்கூட. ஒரு தடவையும் பதில் வந்ததில்லை. புருவமும் உயரவில்லை, அங்கே 'இல்லை' என்பதற்குச் சுருக்குகிற மூக்கும் சுருங்கவில்லை. அந்தத் துண்டு வெளிச்சத்துக்கு வந்தால் சலோமினேவின் பெயரை ஸ்டென்ஹோய் தன் வாயாலேயே சொல்லியாக வேண்டும். ஒரு கடல் தாண்டும் பயணத்தில் அவர் அதைத் தொலைத்துவிட்டால் கேட்பாரே இல்லை, ஆனால் அவரும் கீழேயே கிடப்பார். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும்.

சலோமினே புட்டியை எடுத்தாள். நீட்டியிருந்த இங்குனின் கையைத் தாண்டி, அதை ஸ்டென்ஹோயின் மடியில் வைத்தாள். பிறகு ஆலைக்கு நேரமாயிற்று என்று சொல்லி, நீல மேற்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.